பையைப் பிடித்துக்கொண்டிருக்கும் பெண்

சித்தப்பா ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தில் ஒரு பகுதியைப் போட்டு, அவரும் சித்தியும் ஐரோப்பா போய்வந்தார்கள். பதினோரு நாள், ஏழு நாடு. கூடவே ஒரு சமையல்காரரும் வந்ததால் இரவில் சாம்பார் சாதத்துக்குக் குறைவில்லை. திரும்பியதும் சித்தப்பா படங்களைத் தேர்ந்தெடுத்து, கனமான அட்டை போட்ட ஆல்பமாக அச்சடித்து வைத்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பிக்கு முன்னால் ஆல்பம் வரும். ஈஃபில் கோபுரம், பைசாவின் சாய்ந்த கோபுரம், கொலோசியம், லண்டன் டவர் பாலம். எல்லாம் நாம் முன்பே பார்த்த படங்கள்தாம். முன்னால் நிற்கும் ஆள் மட்டும் புதிது.

நாலாவது முறையோ ஐந்தாவது முறையோ புரட்டியபோது, கட்டடத்தை விட்டுவிட்டுக் கைகளைப் பார்க்கத் தொடங்கினேன். சித்தப்பாவின் கைகள் சும்மா இருந்தன. இடுப்பில் ஊன்றியோ, காற்சட்டைப் பைக்குள்ளோ, வானத்தை நோக்கி விரித்தோ. சித்தியின் கைகள் ஒரு படத்தில்கூடச் சும்மா இல்லை. தோளில் அவருடைய கைப்பை, குறுக்கே பாஸ்போர்ட் பை, முழங்கையில் சித்தப்பாவின் ஸ்வெட்டர், கையில் தண்ணீர் பாட்டில். ஒரு படத்தில் யாரோ ஒரு குழந்தையின் தொப்பியும் சேர்ந்திருந்தது.

"ஈஃபில் டவர் எப்படி இருந்துச்சு சித்தி?" என்று கேட்டேன்.

"நான் எங்கடி பாத்தேன்? பையைத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். அங்க திருடன் ஜாஸ்தின்னு பஸ்ஸுலயே சொல்லிட்டாங்க."

பயண ஒளிப்படங்களைப் பெண்ணிய நோக்கில் பேசும்போது நாம் பெரும்பாலும் விளம்பரப் படங்களிலிருந்துதான் தொடங்குகிறோம். கடற்கரையில் முதுகு காட்டி நிற்கும் பெண், ஆண்பார்வைக்கு விருந்தாகும் உடல். அந்தப் பேச்சு தேவையானதுதான். ஆனால் சித்தியின் ஆல்பத்துக்கு அது உதவவில்லை. அவரை யாரும் அப்படிப் பார்க்கவில்லை. அவரை யாரும் பார்க்கவே இல்லை என்பதுதான் விஷயம். புகழ்பெற்ற ஒரு கட்டடத்தின் முன் எடுத்த படத்தில் யார் எதைச் சுமந்துகொண்டு நிற்கிறார்கள், யார் படத்துக்கு வெளியே போயிருக்கிறார்கள் என்று கேட்டால் கட்டடமே வேறு மாதிரி பேசத் தொடங்குகிறது.

சூசன் சொன்டாக் 1977இல் வெளியான 'ஆன் ஃபோட்டோகிராஃபி' நூலில் ஒன்றைச் சொல்கிறார்: வேலை செய்தே பழகியவர்களுக்கு விடுமுறையில் சும்மா இருப்பது பதற்றம் தருகிறது, காமெரா அந்தப் பதற்றத்தைத் தணிக்கிறது, வேலை போன்ற ஒன்றைக் கையில் கொடுக்கிறது. மிகச் சரியான கவனிப்பு. சித்தப்பாவைப் பார்த்தே எழுதியதுபோல இருக்கும். ஆனால் சொன்டாக்கின் சுற்றுலாப் பயணிக்கு வேலையிலிருந்து விடுமுறை கிடைத்திருக்கிறது. சித்திக்கு அது கிடைக்கவில்லை. மாத்திரை எடுத்துக் கொடுப்பதும், யாருக்கு எப்போது பசிக்கும் என்று கணக்குப் போடுவதும், பையைப் பார்த்துக்கொள்வதும் திருநெல்வேலியிலிருந்து பாரிஸ்வரை தொடர்ந்தன. அவருக்குக் காமெரா தணிக்கவேண்டிய பதற்றம் எதுவும் இல்லை. அதனாலோ என்னவோ அவர் கையில் காமெராவும் இல்லை.

நகரங்களைப் படமெடுக்கும் வழக்கம் எப்படித் தொடங்கியது என்று பார்த்தால் அதிலேயே ஒரு விதி இருக்கிறது. 1838இல் லூயி டகேர் பாரிஸில் டெம்பிள் சாலையை உயரமான ஜன்னலிலிருந்து படமெடுத்தார். பகல் நேரம், பரபரப்பான சாலை. ஆனால் படத்தில் சாலை வெறிச்சோடிக் கிடக்கிறது. தகட்டில் பிம்பம் பதியச் சில நிமிடங்கள் பிடித்ததால், நடந்தவர்கள், வண்டி ஓட்டியவர்கள், சுமை தூக்கியவர்கள் யாருமே பதியவில்லை. பதிந்தது, செருப்புக்குப் பாலிஷ் போடக் காலை நீட்டி நின்ற ஒரு மனிதர். காலடியில் குனிந்திருந்த தொழிலாளி மங்கலாக இருக்கிறார். சேவை பெறுபவர் அசையாமல் நிற்கலாம், அதனால் படத்தில் வருவார். செய்பவர் அசைந்தாக வேண்டும், அதனால் கரைந்துபோவார். இன்றைய காமெராவுக்கு நொடியில் ஒரு பகுதி போதும். ஆனாலும் இந்த ஒழுங்கு பெரிதாக மாறவில்லை. முன்பு வேதியியல் செய்த வேலையை இப்போது நாமே செய்கிறோம்: கூட்டம் விலகட்டும் என்று காத்திருக்கிறோம், ஓரத்தில் நிற்பவர்களை வெட்டுகிறோம்.

பைசாவுக்கு வருகிறேன். சாய்ந்த கோபுரத்தின் முன் எல்லோரும் எடுத்துக்கொள்ளும் அந்தப் படம்: புல்வெளியில் நின்று, கையை நீட்டி, கோபுரம் விழாமல் தாங்குவதுபோல ஒரு பாவனை. பிரிட்டிஷ் ஒளிப்படக் கலைஞர் மார்ட்டின் பார் 1990இல் இந்தப் பாவனையையே படமெடுத்தார். அவர் காமெராவைச் சற்றுத் தள்ளி வைத்ததால் கோபுரத்தோடு கைகள் பொருந்தவில்லை. வெறும் காற்றைத் தள்ளுகிற மனிதர்கள்தான் தெரிகிறார்கள். அந்தப் படம் எனக்குப் பிடிக்கும், கொஞ்சம் கோபமும் வரும். சுற்றுலாப் பயணியைக் கேலி செய்வது எளிது. வாழ்நாளில் ஒருமுறை வருகிறவர்களை, எப்போது வேண்டுமானாலும் வரக்கூடியவர் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு அதில் இருக்கிறது.

சித்தப்பாவும் கோபுரத்தைத் தாங்கினார். சித்தி ஓரத்தில் நிற்கிறார், பைகளோடு. எப்படிப் போஸ் கொடுப்பதென்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1998இல் வந்த 'ஜீன்ஸ்' படத்துப் பாடல் ஒன்றில் பிரசாந்தும் ஐஸ்வர்யா ராயும் உலக அதிசயங்களை வரிசையாகச் சுற்றி வந்ததைப் பார்த்து வளர்ந்த தலைமுறை இது. அந்தப் பாடலில் யார் கையிலும் பை இல்லை.

இந்தக் கோபுரத்தை உண்மையிலேயே தாங்கியவர்களில் ஒரு பெண் உண்டு. பெர்த்தா தி பெர்னார்தோ என்ற கைம்பெண். பேராலயத்தின் மணிக்கோபுரத்துக்குக் கல் வாங்குவதற்கென்று 1172 ஜனவரியில் அவர் 60 சோல்தி எழுதிவைத்தார். அடுத்த ஆண்டு, 1173இல், அடித்தளம் போடப்பட்டது. களிமண்ணும் மணலும் கலந்த இளக்கமான நிலம். மூன்றாவது தளம் எழுந்த நிலையிலேயே கட்டடம் சாயத் தொடங்கியது. வேலை நின்றும் தொடர்ந்தும் இரண்டு நூற்றாண்டுகளுக்குக் கிட்டத்தட்ட இழுத்தது. 1990இல் ஆபத்து என்று கோபுரத்தை மூடினார்கள். வடக்குப் பக்கத்து மண்ணைச் சிறிது சிறிதாக எடுத்துச் சாய்வைக் குறைத்து, 2001 டிசம்பரில் மறுபடி திறந்தார்கள். ஐந்தரை பாகைச் சாய்வு ஏறக்குறைய நான்கு பாகையானது. இந்தப் பொறியியல் கதையைச் சுற்றுலா வழிகாட்டிகள் நன்றாகச் சொல்கிறார்கள். பெர்த்தாவின் அறுபது காசு அதில் அநேகமாக வருவதில்லை. எண்ணூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு கைம்பெண், தன் சொத்தை என்ன செய்வதென்று தானே முடிவெடுத்துக் கல்லுக்குக் கொடுத்தார் என்பது எனக்குச் சாய்வைவிட ஆச்சரியமாக இருக்கிறது. இன்று அந்தக் கோபுரத்தைத் தாங்குவதாகப் பாவனை செய்யும் கைகளில் ஒன்றுகூட அவருக்காக உயரவில்லை.

பாரிஸ் படங்கள் ஆல்பத்தில் அதிகம். ட்ரொக்காதேரோ மேடையிலிருந்து எடுத்த ஈஃபில் கோபுரம் மட்டுமே ஆறு பக்கம். அங்கிருந்து பார்த்தால் கோபுரம் முழுசாக, எல்லா அஞ்சலட்டையிலும் இருப்பதுபோலத் தெரியும். பக்கத்தில் போனால் கோபுரம் தெரியாது, இரும்புதான் தெரியும். முதல் தளத்துக்குக் கீழே நான்கு பக்கமும் பொன்னிறத்தில் பெயர்கள் எழுதியிருப்பதும் அப்போதுதான் கண்ணில் படும்.

பக்கத்துக்குப் பதினெட்டாக 72 பெயர்கள். பிரெஞ்சு அறிவியலாளர்கள், பொறியாளர்கள், கணிதவியலாளர்கள். குஸ்தாவ் ஈஃபில் தன் கோபுரத்தைக் கலைஞர்கள் பழித்தபோது, அறிவியலின் பெயரால் அதைக் காத்துக்கொள்ளச் செய்த ஏற்பாடு. 72 பேரும் ஆண்கள். சோஃபி ஜெர்மேன் அதில் இல்லை. வளையும் தகடுகள் எப்படி அதிர்கின்றன என்ற கேள்விக்கு அவர் எழுதிய ஆய்வுக்கு 1816இல் பாரிஸ் அறிவியல் கழகம் பரிசளித்தது. பொருள்களின் மீள்தன்மையைப் பற்றிய அறிவு இல்லாமல் இப்படி ஒரு இரும்புக் கோபுரத்தைக் கணக்கிட முடியாது. அதே துறையில் அவரோடு மோதிய புவாசோனின் பெயர் கோபுரத்தில் இருக்கிறது. ஜெர்மேன் பெண் என்பதால் உயர்கல்வி நிலையத்தில் சேர முடியாமல், 'திரு. லெ பிளான்' என்ற ஆண் பெயரில் பாடங்களுக்கு விடை எழுதி அனுப்பியவர். 1831இல் அவர் இறந்தபோது, சான்றிதழில் அவரைக் கணிதவியலாளர் என்று எழுதவில்லை. சொத்து வருமானத்தில் வாழ்ந்தவர் என்று எழுதினார்கள்.

இந்தப் பெயர்களுக்கும் ஒரு கதை உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோபுரத்துக்கு வண்ணம் அடித்தபோது 72 பெயர்களும் மறைந்துபோயின, 1986-87இல் மீட்டெடுத்தார்கள். ஆக, பெயர்களே இல்லாமல் பல பத்தாண்டுகள் கோபுரம் நின்றிருக்கிறது, ஒன்றும் குறைந்துவிடவில்லை. திரும்ப எழுதிய நேரத்தில் யாராவது பட்டியலைச் சரிபார்த்திருக்கலாம். 2025இல்தான் பாரிஸ் நகராட்சி, பெண் அறிவியலாளர்களின் பெயர்களைச் சேர்ப்பதற்கு ஒரு குழு அமைத்தது. நான் மகிழ்கிறேன். கூடவே ஒரு முணுமுணுப்பும்: பெயர் வந்தாலும் ட்ரொக்காதேரோவிலிருந்து எடுக்கும் படத்தில் அதைப் படிக்க முடியாது.

அந்தத் தூரத்தை மறுத்த பெண் ஒருவர் இருந்தார். ஜெர்மைன் க்ருல், 1897இல் பிறந்த ஜெர்மானிய ஒளிப்படக் கலைஞர். அவருடைய 'மெட்டால்' என்ற தொகுப்பு 1928இல் பாரிஸில் வெளியானது, 64 படங்கள். ஈஃபில் கோபுரம் அதில் இருக்கிறது, ஆனால் கோபுரமாக இல்லை. உள்ளே நின்று அண்ணாந்து எடுத்த சட்டங்கள், சக்கரங்கள், படிக்கட்டின் திருப்பங்கள். ராட்டர்டாம் பாலத்தின் இரும்பும் துறைமுகப் பளுதூக்கிகளும் அதனோடு கலந்து கிடக்கின்றன. எது புகழ்பெற்ற இரும்பு, எது கூலிவேலை செய்யும் இரும்பு என்று சொல்ல முடியாது. முதன்முறை அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்குத் தலை சுற்றியது. நிற்க இடமில்லாத படங்கள் அவை. முன்னால் ஒரு ஆளை நிறுத்தி 'சிரி' என்று சொல்ல அவற்றில் வழியே இல்லை. க்ருல் பின்னாளில் பாங்காக்கில் விடுதி நடத்தி, வட இந்தியாவில் திபெத்திய அகதிகளோடு வாழ்ந்து, 1985இல் இறந்தார். நம் நாட்டில் இத்தனை ஆண்டு இருந்தவரை நாம் அதிகம் பேசியதில்லை.

பாரிஸின் சதுக்கங்களில் கல்பெண்களுக்குப் பஞ்சமில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ரிபப்ளிக் சதுக்கத்தில் குடியரசையே பெண்ணாக நிறுத்தி வைத்தது 1883இல். அந்தக் குடியரசில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1944இல். இடையில் 61 ஆண்டுகள், அவள் கையில் ஆலிவ் கிளையோடு வாக்கில்லாமல் நின்றாள்.

கல்பெண்கள் என்றதும் நான் சொல்லத் தயங்கிய விஷயத்துக்கு வந்தாக வேண்டும். சித்தப்பாவைப் பற்றி இவ்வளவு எழுதிய பிறகு என்னை விட்டுவிட்டால் நேர்மை இல்லை.

ஒரு கருத்தரங்குக்காக நான் ஏதென்ஸ் போயிருந்தேன், தனியாக. அக்ரோபோலிஸ் குன்றின்மேல் ஈரெக்தியோன் கோயிலின் தெற்கு முகப்பில், தலையால் கூரையைத் தாங்கி நிற்கும் ஆறு பெண்கள்: காரியாத்திடுகள். கல்லூரிக் காலத்திலிருந்து பார்க்கக் காத்திருந்தவர்கள். கோயில் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. 'காரியாத்திடு' என்ற பெயருக்கு ரோமானியக் கட்டடவியலாளர் விட்ருவியஸ் ஒரு விளக்கம் தருகிறார்: காரியே என்ற ஊர் பாரசீகர்களோடு சேர்ந்துகொண்டது, அதற்குத் தண்டனையாக ஊர் ஆண்களைக் கொன்று பெண்களை அடிமைகளாக்கினார்கள், அந்த அவமானம் என்றென்றும் தெரியட்டும் என்று சுமை தாங்கும் தூண்களாக அவர்களைச் செதுக்கினார்கள். இதை அறிஞர்கள் பலர் ஏற்பதில்லை. கோயில் கட்டிய காலத்துக் கணக்குக் கல்வெட்டுகள் அவர்களை வெறுமனே 'கோரை', அதாவது கன்னிப்பெண்கள் என்றுதான் குறிக்கின்றன. கதை பொய்யாகவே இருக்கட்டும். பெண்கள் சுமந்து நிற்பதைப் பார்த்த ஒரு ஆணுக்கு முதலில் தோன்றிய விளக்கம் தண்டனை என்பதே எனக்குப் போதுமான தகவல்.

நான் நல்ல படம் ஒன்று எடுக்க நின்றேன். முகப்புக்கு முன்னால் நீலச் சீருடையில் ஒரு பெண் காவலர். வெயிலில், தொப்பியோடு, கல்மேல் ஏறுகிறவர்களைப் பார்த்து விசில் ஊதிக்கொண்டிருந்தார். சட்டகத்துக்குள் சரியாக நடுவில். இருபது நிமிடம் காத்திருந்தேன். அவர் நகரும்போது வேறு யாராவது வந்தார்கள். அவர்கள் போனதும் அவர் திரும்பி வந்தார். பொறுமை போய், கையைக் காட்டி, சற்று ஒதுங்க முடியுமா என்று சைகை செய்தேன். அவர் என்னைப் பார்த்தார், ஒதுங்கினார். ஆறு பெண்கள், நீல வானம், ஒரு மனிதர் இல்லை. அன்று இரவே வீட்டுக்கு அனுப்பினேன். எல்லோரும் பாராட்டினார்கள்.

மறுநாள் குன்றின் அடிவாரத்து அருங்காட்சியகத்துக்குப் போனேன். 2009இல் திறந்த கட்டடம். அங்கேதான் காரியாத்திடுகளின் மூலச் சிலைகள் இருக்கின்றன. காற்று மாசிலிருந்து காக்க 1979இலேயே கீழே இறக்கிவிட்டார்கள். மேலே நான் படமெடுத்தது ஆறு வார்ப்பு நகல்கள். அது எனக்குத் தெரியாமல் இல்லை, எங்கோ படித்திருந்தேன். படம் எடுக்கும் ஆசையில் மறந்துவிட்டேன். உறைத்தது வேறொன்று. அந்த முகப்பில் அன்று உயிரோடு நின்ற ஒரே பெண்ணை நான்தான் வெளியே அனுப்பியிருந்தேன், நகல்களுக்கு இடைஞ்சல் என்று.

அருங்காட்சியகத்தில் இருப்பவர்கள் ஐந்து பேர். ஆறாவது பெண்ணை, பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எல்ஜின் பிரபு பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார். 1816இல் பிரிட்டிஷ் அரசு அவருடைய சேகரிப்பை வாங்கியது. அவள் இன்றும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறாள். ஏதென்ஸில் அவளுடைய இடத்தை நிரப்பாமல் வெறுமையாக விட்டிருக்கிறார்கள். ஐந்து பேரையும் சுற்றி வந்து பின்புறத்தைப் பார்க்கலாம். அடர்த்தியான பின்னல்கள், முதுகு வரை. வெறும் அழகுக்காக இல்லை. அத்தனை பாரத்தைத் தாங்கும் கழுத்து மெலிந்திருந்தால் உடைந்துவிடும். அதனால் சிற்பி கூந்தலைக் கழுத்துக்குப் பின்னால் தடிமனாக வைத்திருக்கிறார். சிலைகளுக்கு முன்னங்கைகள் இல்லை. கையில் என்ன வைத்திருந்தார்கள் என்பது ஹேட்ரியனின் மாளிகையில் கிடைத்த ரோமானிய நகல்களிலிருந்து தெரிகிறது: படையல் கிண்ணம். தலையில் கூரை, கையில் பாத்திரம். எனக்குச் சித்தியின் ஞாபகம் வந்தது அங்கேதான்.

காமெராவைப் பெண் கையில் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அதே குன்றில் நெல்லிஸ் என்ற கிரேக்கக் கலைஞர் 1920களில் எடுத்த படங்களைப் பாருங்கள். சின்ன ஆசியாவில் பிறந்து, 1922 பேரழிவில் ஊரை இழந்த குடும்பம் அவருடையது. ஜெர்மனியில் ஒளிப்படம் படித்துவிட்டு ஏதென்ஸில் ஸ்டுடியோ வைத்தார். பார்த்தெனானின் தூண்களுக்கிடையே நடனக்காரி மோனா பைவாவை ஆடையின்றிப் படமெடுத்தார், ஏதென்ஸ் கொந்தளித்தது. கல்பெண்கள் நிர்வாணமாக நின்றால் மரபு, உயிருள்ளவள் நின்றால் அவமதிப்பு. அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன். ஆனால் அதே நெல்லிஸ் 1930களின் இறுதியில், மெத்தாக்சாஸ் சர்வாதிகாரத்தின் சுற்றுலாப் பிரச்சாரத்துக்குப் படங்கள் கொடுத்தார். கிராமத்துப் பெண்களின் முகங்களைப் பழஞ்சிலைகளின் முகங்களோடு அருகருகே வைத்து, இனம் மாறவில்லை பாருங்கள் என்று காட்டினார். உயிருள்ள பெண்ணைக் கல்லிலிருந்து விடுவித்த கையே அவளை மறுபடி கல்லாக்கியது.

ஒரு இந்தியப் பெண் ஐரோப்பியக் கட்டடத்தின் முன் நிற்கும் படங்களில் நான் மிகவும் விரும்புவது சித்தியுடையது இல்லை, என்னுடையதும் இல்லை. 1913இல், லண்டனுக்கு வெளியே ஹாம்டன் கோர்ட் அரண்மனை வாசலில் எடுத்தது. எட்டாம் ஹென்றி வாழ்ந்த அரண்மனை. இன்றும் எல்லாச் சுற்றுலாப் பேருந்தும் நிற்கும் இடம். படத்தில் இருப்பவர் சோஃபியா துலீப் சிங். பஞ்சாபின் கடைசி மன்னர் துலீப் சிங்கின் மகள், விக்டோரியா அரசியின் ஞானமகள். அரசி கொடுத்த வீட்டில், அந்த அரண்மனைக்கு எதிரிலேயே குடியிருந்தவர். ரோமம் வைத்த நீண்ட கோட்டு, தொப்பி. அருகே 'புரட்சி!' என்று எழுதிய அறிவிப்புப் பலகை. தோளில் பை. பையில் 'தி சஃப்ரஜெட்' பத்திரிகைகள். விற்கிறார்.

வாக்குரிமைப் போராளிகளின் பத்திரிகை அது. வாக்கில்லாதவளிடம் வரி கேட்காதே என்று சோஃபியா வரி கட்ட மறுத்தார். அதிகாரிகள் அவருடைய நகைகளைப் பறிமுதல் செய்து ஏலம் விட்டார்கள். நகையைப் பிடுங்குவது அந்தக் குடும்பத்துக்குப் புதிதில்லை. அவருடைய தந்தை சிறுவனாக இருந்தபோது, 1849 லாகூர் உடன்படிக்கையில் கையெழுத்து வாங்கித்தான் கோஹினூர் வைரத்தைக் கொண்டுபோனார்கள். அது இப்போது லண்டன் டவர் கோட்டையில் இருக்கிறது. அந்தக் கூடத்துக்குள் படம் எடுக்கத் தடை. சித்தியின் ஆல்பத்தில் அந்தப் பக்கத்தில் கோட்டையின் வெளிச்சுவர் மட்டும்தான்.

ஹாம்டன் கோர்ட் படத்தில் அரண்மனை பின்னணிதான். சோஃபியா அதன் அழகுக்குச் சான்றாக நிற்கவில்லை, அங்கே வந்ததற்குச் சான்று தேடியும் நிற்கவில்லை. வாசலை அவர் பயன்படுத்துகிறார்: ஆட்கள் வந்துபோகிற இடம், பத்திரிகை விற்கும். அவரும் பை சுமக்கிறார் என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். சுமப்பதே இழிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாருடைய பை, உள்ளே என்ன, இறக்கி வைக்க விரும்பினால் இறக்க முடியுமா என்பதைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

போன மாதம் சித்தி வீட்டுக்குப் போயிருந்தபோது, ஆல்பத்தில் இல்லாத படங்கள் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். சித்தப்பாவின் பழைய கைபேசியைத் தேடி எடுத்து, சார்ஜ் போட்டுக் கொடுத்தார். நூற்றுக்கணக்கில் இருந்தன. எல்லாம் ஒரே கோணம். நடுவில் ஒன்று மட்டும் கலங்கலாக, சாய்ந்து. ஒரு மேசை, வெள்ளைத் தட்டில் சில்லறை, பின்னால் நீல மேலங்கியில் ஒரு கறுப்பினப் பெண். பாதி முகம் வெட்டுப்பட்டிருந்தது.

"இது நான் எடுத்தது" என்றார் சித்தி. "பாரிஸ்ல. கக்கூஸ்."

காசு கொடுத்துப் போகும் கழிப்பறை. பாரிஸின் சுற்றுலா இடங்களில் இந்தக் கழிப்பறைகளைப் பார்த்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் புலம்பெயர்ந்த பெண்கள். 2015இல் ஒப்பந்தம் வேறொரு நிறுவனத்துக்குக் கைமாறியபோது, பல ஆண்டுகள் வேலை செய்த பெண்கள் சிலரைப் புது நிறுவனம் எடுத்துக்கொள்ள மறுத்தது. அவர்கள் மோன்மார்த்ர் குன்றடியில் பதாகை பிடித்துப் போராடினார்கள். தேடினால் அந்தப் படங்கள் கிடைக்கும்.

"சித்தப்பா அழிச்சுடுன்னாரு. கக்கூஸை எதுக்குப் படம் புடிச்சேன்னு ஒரே சத்தம். நான் அழிக்கல."

"ஏன் எடுத்தீங்க சித்தி?"

"உள்ள போகணும், கையில நாலு பை. எங்க வைக்கிறது? தரையெல்லாம் ஈரம். அவ பாத்தா. இங்க குடுன்னு கையை நீட்டினா. அவ மேசைக்குப் பின்னால வச்சு, மேல தன் கையையும் வச்சுக்கிட்டா. நான் நிதானமா போயிட்டு வந்தேன். பதினோரு நாள்ல என் பையை வாங்கிக்கிட்ட ஒரே ஆளு அவதான்."

பெயர் கேட்டீர்களா என்றேன்.

"கேட்டேன். சொன்னா. வாயில நுழையல, மறந்துட்டேன். என் பேரையும் கேட்டா. அவளுக்கும் நுழைஞ்சிருக்காது."

படத்தை என் கைபேசிக்கு அனுப்பச் சொன்னேன். சித்தி, சித்தப்பா குளித்துவிட்டு வருவதற்குள் அனுப்பினார்.